வரிசையில் ஒரு குடம்

"நாகராஜ், செத்த இங்கே வாங்கோ. இந்த மெஷின் என்ன சொல்றது, பாருங்கோ!"

பிரின்ஸிபால் சுப்ரமணியன் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் நாகராஜ் எட்டிப் பார்த்தான். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. எழுத்து இங்கிலீஷ், பேச்சு தமிழ். 'குடம் வரிசையில் இருக்கு. சும்மா கத்தாதீங்க.'

"ஒண்ணும் இல்ல சார். ஒரு புரோகிராம் தன் முறைக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. அதத்தான் சொல்லுது."

"காத்துண்டிருந்தா 'ப்ளீஸ் வெயிட்'னு சொல்லட்டுமே. கத்தாதேங்கறதே? டான்சானியாவிலேர்ந்து ரெண்டு பேர் ஏர்போர்ட்லேர்ந்து நேரா இங்கே வரா. அவா முன்னாடி நம்ம காலேஜ் கம்ப்யூட்டர் இப்படிப் பேசினா நன்னாவா இருக்கும்?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே சார்."

"எனக்குத் தெரியுமே!"

மாத்துங்காவில் பிறந்து வளர்ந்து, மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பத்திலிருந்து வந்த சுப்ரமணியன் கெட்ட மனிதர் அல்லர். சொல்லப்போனால் செம்பூரில் இருந்த அந்தக் கல்லூரியில் இந்த லேப் இன்றுவரை லேப்பாக இருப்பதற்கு அவர்தான் காரணம். நிர்வாகத்தாருக்கு அந்த அறையின் மேல் வெகுநாளாக ஒரு கண். கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் நடத்தினால் கல்லூரிக்கு நல்ல வருமானம் என்பது அவர்கள் கணக்கு. சுப்ரமணியன்தான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் சாக்குத் தீர்ந்துபோன சமயத்தில் டான்சானியாவிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தார், 'உங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பார்க்க வருகிறோம், ஒத்துவந்தால் சேர்ந்து வேலை செய்ய ஒப்பந்தம் போடலாம்' என்று எழுதியிருந்தார்கள். வெளிநாடு என்றதும் நிர்வாகத்தார் கொஞ்சம் அடங்கினார்கள். ஒப்பந்தம் ஆனால் லேப் பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே கோச்சிங்.

அந்த லேப்பில் இருந்தவை ஏதோ ஒரு வங்கி வேண்டாமென்று தள்ளிய கம்ப்யூட்டர்கள். பெரிய கம்பெனிகளின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அவற்றில் ஏற்றினால், பட்டனைத் தட்டிவிட்டுக் கீழே கேன்டீனுக்குப் போய் ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வரலாம். அப்போதும் அது கண் திறந்திருக்காது. அதனால் நாகராஜ் வேறொன்றைத் தேடிப் பிடித்தான். மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பாடம் நடத்துவதற்கென்றே எழுதிய குட்டி சிஸ்டம் அது. மொத்தத்தையும் அச்சடித்தால் ஒரு பஞ்சாங்கத்தின் கனம்தான் வரும். எடுத்துக்கொள், பிரித்துப் பார், இஷ்டம்போல் மாற்று, மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடு என்ற ஒரே நிபந்தனையோடு அதை உலகத்துக்கு விட்டிருந்தார்கள். பையன்களும் பெண்களும் அதற்குக் 'குருவி' என்று பெயர் வைத்தார்கள்.

குருவி பறந்தது, ஆனால் நொண்டிப் பறந்தது. தெருவுக்கு ஒரே குழாய் மாதிரி, கம்ப்யூட்டருக்குள் வேலை நடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். எல்லாப் புரோகிராமும் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஒன்று, டிஸ்கிலிருந்து எதையாவது எடுத்துவர ஒதுங்கினால் அதன் இடம் போய்விடும். திரும்பி வந்து கடைசியில்தான் நிற்க வேண்டும். மேல்நாட்டுப் புது மெஷினில் போவதும் வருவதும் கண் இமைக்கும் நேரம், அதனால் தெரியாது. வங்கி தள்ளிய மெஷினில் டிஸ்க் ஆடி அசைந்து சுற்றும். பாவம், சில புரோகிராம்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கடைசியிலேயே நின்றன.

போன வருஷம் நாகராஜ் இதை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வரும் பூமாரி எழுந்து நின்றாள்.

"சார், தண்ணிக்கு நிக்கோம். நடுவுல வீட்டுக்குப் போவ வேண்டியிருக்கு. அப்ப என்ன சார் செய்வோம்?"

வகுப்பு சிரித்தது. தாராவியில் பிறந்த நாகராஜ் சிரிக்கவில்லை.

"குடத்த வெச்சிட்டுப் போவோம்" என்றான்.

"அதான் சார்! நம்ம எடத்துல குடம் நின்னா நாமளே நின்ன மாதிரி. வந்து நம்ம எடத்துலயே நின்னுக்கலாம்லா?"

"சரி, போனவ திரும்பி வரவே இல்லன்னா? குடம் பாட்டுக்கு வழிய அடைச்சிக்கிட்டு நிக்குமே?"

"பக்கத்துல நிக்க அக்கா சும்மா விடுவாளா சார்? ஓரமா தள்ளி வெச்சிருவா."

சொன்னதோடு நிற்காமல் அதை எழுதியும் காட்டினாள் பூமாரி. இடம் பிடிக்கும் பகுதிக்குக் 'குடம்' என்றும், ஆளில்லாத குடத்தை ஓரங்கட்டும் பகுதிக்கு 'அக்கா' என்றும் பெயர் வைத்தாள். அன்றைக்குக் குருவி முதல்முறையாக நொண்டாமல் பறந்தது. லேப் அசிஸ்டெண்ட் காசிம், "சாப், யாரோ மந்திரிச்சு விட்டாப்பல இருக்கே!" என்று மெஷின் மெஷினாகத் தொட்டுப் பார்த்தார். நாகராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே நடந்தான். எத்தனை வருஷம் பாடம் நடத்தினாலும் இப்படி ஒரு மாணவி ஒருமுறை வாய்த்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

நிபந்தனைப்படி பூமாரி அதை இன்டர்நெட்டிலும் போட்டாள்.

"யாராச்சும் பாத்தாங்களாம்மா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"வெளிநாட்டுலேருந்து ஒரு மெயில் வந்துச்சு சார். லாட்டரி கேஸா இருக்கும்னு அழிச்சிட்டேன்."

அந்தக் குருவியைத்தான் இப்போது சுப்ரமணியன் கண்ணாடி வழியாக முறைத்துக்கொண்டிருந்தார்.

"குடத்தை எடுத்துடுங்கோ நாகராஜ். 'டோக்கன்'னு போடுங்கோ. கௌரவமா இருக்கும்."

சரி, ஒரு வார்த்தைதானே என்று நாகராஜ் உட்கார்ந்தான். குடம் என்று இருந்த இடத்தில் எல்லாம் டோக்கன் என்று மாற்றினான். 'கத்தாதீங்க' போய் 'ப்ளீஸ் வெயிட்' வந்தது. எல்லா மெஷினிலும் அதை ஏற்றினான். சுப்ரமணியனுக்குத் திருப்தி. ஆனால் வருகிறவர்கள் உள்ளே பிரித்துப் பார்ப்பார்களே என்ற யோசனையும் அவருக்கு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவிப் படித்தார்.

"இதென்ன, அக்கா? யாரோட அக்கா?"

"பொதுவான அக்கா சார். ஆள் இல்லாத குடத்தை… டோக்கனைத் தள்ளி வைக்கிறவங்க."

"ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே உறவுமுறையெல்லாம் எதுக்கு? எடுங்கோ!"

"சார், அவங்க இல்லாட்டி…"

"ஒரு மணி நேரத்துக்கு அக்கா இல்லாம இருக்க முடியாதா?"

முடியும் என்றுதான் நாகராஜும் நினைத்தான். ஒரு மணி நேரத்தில் ஆளில்லாத டோக்கன் எத்தனை சேர்ந்துவிடப் போகிறது? அக்காவை எடுத்தான்.

குழாயடியில் அக்கா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தாராவியில் வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசிம் சும்மா இருக்காமல் ஒவ்வொரு மெஷினாக எதையாவது திறந்து, பாதியில் மூடி, சோதித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதியில் மூடியவை எல்லாம் டோக்கனை வரிசையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டன. தள்ளி வைக்க யாருமில்லை. பின்னால் நின்றவை அசைய வழியில்லை. மூன்றாம் நம்பர் நின்றது, பிறகு ஏழு, பிறகு வரிசையாக எல்லாம்.

"சாப், எல்லாம் 'ப்ளீஸ் வெயிட்'னு ரொம்ப மரியாதையா நின்னுபோச்சு" என்றார் காசிம்.

நாகராஜ் ஓடிப்போய் நெட்டிலிருந்து அக்காவைத் திரும்பக் கூட்டிவந்தான். அவள் வந்தாள், பார்த்தாள், பேசாமல் நின்றாள். அவளுக்குக் குடம்தான் தெரியும். டோக்கனை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவசரத்தில் டோக்கனைக் குடமாக மாற்றப் போய், கையில் இருந்த குடம் சிலதும் டோக்கனாகி, எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கே புரியாமல் போயிற்று. போனை எடுத்தான்.

"பூமாரி, எங்கம்மா இருக்க?"

"செம்பூர் மார்க்கெட்ல சார். வீட்டுல குடம் ஓட்டையாயிருச்சு. புதுசு வாங்கியாச்சு, வீட்டுக்குப் போய்ட்டே இருக்கேன்."

"போகாத! அப்படியே இங்க வா. ஜல்தி!"

அவன் சொன்னபடி அவள் அப்படியே வந்தாள். இடுப்பில், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புத்தம்புது நீலப் பிளாஸ்டிக் குடம்.

சுப்ரமணியன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். "ராமா! கம்ப்யூட்டர்லேர்ந்து எடுக்கச் சொன்னா, நேர்லயே வந்துடுத்தே!"

பூமாரி அவரைக் கவனிக்கவில்லை. திரையையே பார்த்தாள்.

"அக்கா எங்க சார்?"

"எடுத்துட்டேன்மா."

"எதுக்கு சார்?"

நாகராஜ் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார், சரி பண்ணிருதேன்" என்று அவள் உட்காரப் போகும்போது பிரின்ஸிபாலின் போன் அடித்தது. விருந்தாளிகளின் டாக்ஸி குர்லாவைத் தாண்டிவிட்டது.

"நேரமில்லே!" என்று சுப்ரமணியன் அலறினார். "நாகராஜ், அந்த மேல்நாட்டுக்காரா எழுதின ஒரிஜினல் இருக்கோல்லியோ? அதையே போட்டுடுங்கோ. அதுல குடமும் இல்லே, அக்காவும் இல்லே. மெதுவா ஓடினா ஓடட்டும். மானமாவது மிஞ்சும்."

வேறு வழி தெரியவில்லை. நாகராஜ் எல்லா மெஷினையும் துடைத்து ஒரிஜினலை ஏற்றத் தொடங்கினான். பூமாரி அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக அழிவதைப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா அழிக்கீய, சார்?"

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்மா. அதான் நெட்ல இருக்குல்ல, நாளைக்கு ஏத்திக்கலாம்."

"நெட்டுல இருக்கு சார். ஆனா இங்க ஓடணும்னுதான் எழுதுனேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நாகராஜுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இவளைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பான்! கடைசியில் யாரோ வருகிறார்கள் என்றதும் அவளைத்தான் முதலில் ஒளித்துவைக்கிறான்.

ஒளித்துவைக்க இன்னொன்றும் இருந்தது. காசிம் நீலக் குடத்தை வாங்கி இரும்பு பீரோவுக்குள், விருந்தாளிகளுக்காக வாங்கிவைத்த பொன்னாடைகளுக்கு மேல் திணித்தார். கதவு மூடவில்லை. திரும்பி நின்று முதுகால் தள்ளித் தள்ளிக் கடைசியில் பூட்டினார்.

விருந்தாளிகள் வந்தார்கள். பேராசிரியை நேமா நல்ல உயரம், நரைத்த குட்டை முடி, உள்ளே நுழையும்போதே சிரிப்பு. பின்னால் லேப்டாப் பையோடு ஒல்லியான இளைஞர் ஒருவர். அவருடைய துறையில் விரிவுரையாளர், பெயர் ஜுமா. சுப்ரமணியன் நல்ல இங்கிலீஷில் வரவேற்புச் சொல்லி, லேப்பின் பெருமையைச் சொல்லி, ஏழாம் நம்பர் மெஷின் முன்னால் அவர்களை உட்காரவைத்தார்.

ஜுமா எதையோ தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். டிஸ்க் உள்ளே முனகியது. நேமா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு திரையில் எதையோ தேடினார்.

"மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இதையேதான்" என்றார் சுப்ரமணியன்.

"எதுவும் மாற்றவில்லையா?"

"ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர். "ஒரிஜினல் எப்படியோ, அப்படியே வைத்திருக்கிறோம்."

நேமாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஜுமாவிடம் அவர்கள் மொழியில் என்னவோ கேட்டார். ஜுமா உதட்டைப் பிதுக்கினார். லேப்டாப்பைப் பையிலிருந்து பாதி எடுத்தவர் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

"ரொம்ப நன்றி" என்றார் நேமா எழுந்தபடி. "நாங்கள்தான் வேறு ஏதோ நினைத்து வந்துவிட்டோம் போலிருக்கிறது. இந்த ஒரிஜினல் எங்களிடமும் இருந்தது. எங்கள் பழைய மெஷின்களிலும் இப்படித்தான் தூங்கும்."

முடிந்தது. நாகராஜின் கண்ணுக்கு அந்தச் சுவரில் கோச்சிங் கிளாஸ் போர்டே தெரிந்துவிட்டது. மூலையில் பூமாரி சுவரில் சாய்ந்து நின்றாள். லேப் போவதானால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டாவது போகட்டும் என்று அவனுக்கு ஓர் ஆவேசம் வந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். இதை நாங்கள் மாற்றியிருந்தோம். மாற்றியது இந்தப் பெண். எங்கள் மெஷின் எல்லாம் உயிரோடு ஓடியது இவளால்தான். இன்று காலையில் நான்தான் எல்லாவற்றையும்…"

"காசிம்! பொன்னாடை!" என்று சுப்ரமணியன் உரக்கக் குறுக்கிட்டார். "பொன்னாடை எங்கே? கொண்டு வா!"

காசிம் பதறிப்போய் பீரோவில் சாவியைத் திருகினார். கதவு திறந்ததுதான் தாமதம். அதுவரை மூச்சு முட்டிக் கிடந்த குடம் எகிறிக் குதித்தது. தரையில் 'டம் டம்' என்று இரண்டு அடி. பிறகு மேஜைகளுக்கு நடுவே இருந்த வழியில் உருண்டது. யாராலும் பிடிக்க முடியவில்லை. நேராகப் போய் நேமாவின் காலடியில் ஓர் அரைச் சுற்று சுற்றி நின்றது.

"பெருக்கறவா வெச்சுட்டுப் போயிட்டா போலிருக்கு" என்று சுப்ரமணியன் இங்கிலீஷை மறந்து தமிழிலேயே சமாளித்தார்.

நேமா குனிந்து அதை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

"இதற்கு என்ன பெயர்?"

நாகராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் பூமாரி முன்னால் வந்துவிட்டாள்.

"குடம்" என்றாள். "என்னுது."

"என்ன சொன்னாய்? இன்னொரு தரம் சொல்லு!"

"குடம். தண்ணி பிடிக்கிறதுக்கு. வரிசையில நம்ம எடத்துல வெச்சிட்டுப் போனா, வர்ற வரைக்கும் எடம் நம்மளுது."

நாகராஜ் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் நேமாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. குடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சுப்ரமணியன் பொன்னாடையும் கையுமாக விழித்தார். காசிம் தன் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஜுமா குடத்தை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, வெளியே தட்டிப் பார்த்து, பத்திரமாக ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் வைத்தார். பிறகு லேப் முழுவதையும் ஒருமுறை கண்ணால் துழாவிவிட்டு, எல்லோருக்கும் புரிய இங்கிலீஷிலேயே நேமாவிடம் கேட்டார்.

"குடத்தைப் பார்த்துவிட்டோம், மேடம். போன வருஷத்திலிருந்து நம் ஆறு கல்லூரிகளிலும் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கிறாளே, அந்த அக்கா எங்கே?"